பட்டப்படிப்புடன் சிறப்புக் கல்வி ஆசிரியர் தகுதி: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மேல்நிலைக் கல்வியை முடித்த மாணவர் ஒருவர் இளநிலைப் பட்டத்தையும் சிறப்புக் கல்வி ஆசிரியருக்குரிய சட்டத் தகுதியையும் ஒரே காலத்தில் பெற இயலுமா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் (1992), தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2010ஆம் ஆண்டு அறிவிக்கை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் ஆகியவற்றை இணைத்து வாசித்து, இன்று இயலக்கூடிய வழிகளை விளக்குகிறது. திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியின் வேலைச்சூழல், போக்குவரத்து, புலம்பெயர்ந்த குழந்தைகளின் மொழிநிலை ஆகியவை அவ்வழிகளை எவ்வாறு விரிக்கின்றன, எவ்வாறு அடைக்கின்றன என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிறப்புக் கல்வி, ஆசிரியர் தகுதி, மறுவாழ்வுப் பதிவேடு, இரட்டைப் படிப்பு, தொழில் வட்டாரம், உள்ளடங்கிய கல்வி.

முன்னுரை

பூந்தமல்லியிலிருந்து மேற்கே செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களும், திருப்பெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவிலுக்குச் செல்லும் சாலையில் வல்லம், ஒரகடம் ஆகிய ஊர்களும் அமைந்துள்ளன. ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த இந்நிலப்பகுதி ஒரு தலைமுறைக் காலத்திற்குள் ஆலை நிலமாயிற்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலையும், அதனைத் தொடர்ந்து டெய்ம்லர் சரக்குந்து ஆலையும், ராயல் என்ஃபீல்டு ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. இன்று சுங்குவார்சத்திரத்தை அடுத்த மின்னணுவியல் ஆலைகள் பன்னிரண்டாம் வகுப்போ பட்டயமோ முடித்த இளம்பெண்களைப் பெருமளவில் பணியமர்த்துகின்றன. வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம் என்பதிலிருந்து இவ்வேலைச்சந்தையின் அளவை உணரலாம்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது பொருந்தும். நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களிடம் பல ஆண்டுப் பட்டறிவு இருந்தது. ஆனால் வேறோரிடத்தில் காட்டத்தக்க சான்று எதுவும் பெரும்பாலோரிடம் இல்லை. உற்பத்தி வரிசையில் பெறப்படும் திறன் அவ்வரிசையோடு முடிந்துபோகிறது. சட்டத்தால் நிறுவப்பட்ட பதிவேடு ஒன்றில் இடம்பெறும் தகுதியோ ஆளோடு செல்வது. பதினெட்டு வயதில் ஆலைப் பேருந்தில் ஏறுவதா, கல்லூரியில் சேர்வதா என்று முடிவெடுக்க வேண்டிய பெண்ணுக்கு இவ்வேறுபாடு வாழ்க்கை முழுவதற்கும் உரியது. மறுபுறம், இதே வட்டாரத்துப் பள்ளிகளில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தகுதிபெற்றவர்களின் தேவை தீரவில்லை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போதுதான் பட்டப்படிப்புடன் சிறப்புக் கல்வித் தகுதி என்னும் பொருள் கல்வியியல் பாடநூலைத் தாண்டிய கனத்தைப் பெறுகிறது.

சொற்குழப்பம் ஒன்று

தமிழகத்தில் ‘சிறப்பாசிரியர்’ என்னும் சொல் நெடுங்காலமாக ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆகியவற்றைக் கற்பிப்போரையே குறித்துவந்துள்ளது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கைகளும் அப்பொருளிலேயே அச்சொல்லை ஆண்டுள்ளன. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்போர் வட்டார வளமையங்களில் ‘சிறப்புப் பயிற்றுநர்’ எனப்படுகின்றனர். இரண்டையும் ஒன்றெனக் கருதிப் பிழையான படிப்பில் சேரும் மாணவர் இல்லாமலில்லை. எனவே இக்கட்டுரையில் ‘சிறப்புக் கல்வி ஆசிரியர்’ என்னும் தொடரே பயன்படுத்தப்படுகிறது.

சான்றிதழும் பதிவேடும்

சிறப்புக் கல்வியில் தகுதி என்பது சான்றிதழ் பெறுவதோடு நிறைவடைவதில்லை. 1992ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டமாகிய இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் 1993 சூனில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழுமம் ஏற்ற தகுதியைப் பெற்று மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே இத்தொழிலை மேற்கொள்ளலாம் என வரையறுக்கிறது. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பொதுக்கல்வி ஆசிரியர் ஒருவர் பட்டம் பெற்றால் போதும். தனிப் பதிவேடு எதுவும் அவருக்கில்லை. சிறப்புக் கல்வி ஆசிரியரோ இவ்வகையில் மருத்துவரையும் வழக்கறிஞரையும் ஒத்தவர். பதிவையும் அவர் குறித்த கால இடைவெளியில் தொடர் மறுவாழ்வுக் கல்வியில் பங்கேற்றுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இப்பதிவேட்டில் 16 தொழிற்பிரிவுகள் உள்ளன. சிறப்பு ஆசிரியர் என்பது அவற்றுள் ஒன்று. மறுவாழ்வு உளவியலர், நடமாட்டப் பயிற்றுநர், சமுதாயம் சார்ந்த மறுவாழ்வுப் பணியாளர் முதலியோர் பிற பிரிவினர். இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. திருச்சிராப்பள்ளி ஹோலி கிராஸ் கல்லூரி மறுவாழ்வு அறிவியலை இளநிலைப் பட்டமாகவே கற்பித்துவந்துள்ளது. பட்டமும் தொழில் தகுதியும் ஒரே படிப்பில் அமையும் முயற்சிக்குத் தமிழகத்தில் அது முன்னோடி. எனினும், இத்தகைய பட்டத்தில் சேர விழைபவர் அது பதிவேட்டின் எந்தப் பிரிவின்கீழ்ப் பதியப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மறுவாழ்வுத் துறையில் பதிவு பெறுவதும் ஆசிரியராகப் பதிவு பெறுவதும் வெவ்வேறானவை.

பள்ளி ஆசிரியர் பணிக்கு வேறொரு வாயிலும் உண்டு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 23.08.2010 அன்று வெளியிட்ட அறிவிக்கை, முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆசிரியராவோரின் குறைந்தபட்சத் தகுதிகளுள் ஒன்றாக மேல்நிலைக் கல்வியில் 50 விழுக்காட்டு மதிப்பெண்ணையும் ஈராண்டுச் சிறப்புக் கல்விப் பட்டயத்தையும் ஏற்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். சிறப்புக் கல்வியைப் பொறுத்தவரை மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற படிப்பே கொள்ளப்படும் என்று அவ்வறிவிக்கை தெளிவாகக் கூறுகிறது. அவ்வழியில் பணியேற்பவர், பணியமர்த்தப்பட்ட பின்னர் ஆறு மாதத் தொடக்கக் கல்விப் பயிற்சி ஒன்றையும் முடித்தாக வேண்டும். ஆகவே சிறப்புக் கல்விப் பட்டயம் சிறப்புப் பள்ளிக்கு மட்டும் உரியது என்னும் பரவலான எண்ணம் சரியன்று. பொதுப்பள்ளியின் வாசலும் அதற்குத் திறந்தேயுள்ளது. கல்லூரி ஆலோசகர்கள் பலர் இதனை மாணவர்க்குச் சொல்வதில்லை என்பது கட்டுரையாளரின் துணிபு.

பட்டயமும் பட்டமும் ஒருங்கே

ஓராண்டில் ஒரு படிப்பே என்னும் நெடுநாள் மரபைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் தளர்த்தியது. அந்நெறிமுறைகளின்படி மாணவர் ஒருவர் வகுப்பு நேரம் மோதாத நிலையில் இரண்டு முழுநேரப் படிப்புகளையோ, ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ, இரண்டையும் தொலைநிலையிலோ பயிலலாம். முனைவர் பட்டத்திற்கு இது பொருந்தாது. தொழிற்படிப்புகளைப் பொறுத்தவரை உரிய சட்டக் குழுமத்தின் விதிகளே மேலோங்கும்.

சிறப்புக் கல்வியில் இத்தளர்வு எங்கே பயன்படும்? இளநிலைக் கல்வியியல் (சிறப்புக் கல்வி) பட்டத்தில் இது பயன்படாது. ஏனெனில் அப்பட்டத்தில் சேர முதற்பட்டம் முன்நிபந்தனை. பயன்படும் இடம் பட்டயமே. மறுவாழ்வுக் குழுமத்தின் சிறப்புக் கல்விப் பட்டயம் பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பிந்திய ஈராண்டுப் படிப்பு. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு முதலியவற்றுள் ஒன்றைச் சிறப்புப் புலமாகக் கொண்டு பயில வேண்டும். கருத்தியல் வகுப்பும் பள்ளிப் பயிற்சியும் இணைந்த முழுநேரப் படிப்பாதலின் வருகைப்பதிவு கண்டிப்பானது. ஆகவே பகல்நேரக் கலைக்கல்லூரியில் இன்னொரு முழுநேரப் படிப்பை இதனோடு சேர்ப்பது தாளில் மட்டுமே இயலும். நடைமுறையில் நேரங்கள் மோதும். நேரில் பட்டயம், தொலைநிலையில் பட்டம் என்னும் இணையே ஏற்புடையது. தொலைநிலையில் பெறும் பட்டம் நேரில் பெறும் பட்டத்திற்கு நிகர் என 2020ஆம் ஆண்டின் தொலைநிலைக் கல்வி விதிமுறைகளின் 22ஆம் விதி உறுதிசெய்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம், சைதாப்பேட்டையில் இயங்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இவ்வட்டார மாணவர்க்கு எட்டக்கூடியவை.

இவ்விணையின் காலக் கணக்கு கவனிக்கத்தக்கது. பட்டயம் இரண்டாம் ஆண்டின் இறுதியில் முடியும். பட்டம் மூன்றாம் ஆண்டின் இறுதியில் முடியும். எனவே மூன்றாம் ஆண்டில் மாணவர் பதிவேட்டில் பெயர் பதிந்து ஊதியம் பெறும் பணியில் இருந்துகொண்டே பட்டத்தை நிறைவுசெய்யலாம். பட்டயத்தை முடித்துப் பின்னர்ப் பட்டத்தைத் தொடங்குபவருக்கு ஐந்து ஆண்டுகள் ஆகும். அதன்மேல் ஈராண்டுக் கல்வியியல் பட்டத்தையும் சேர்த்தால் ஏழு ஆண்டுகள். இணைத்துப் பயில்பவருக்கு அது ஐந்தாகக் குறைகிறது. வீட்டின் முதற்பட்டதாரிக்கு இரண்டு ஆண்டு என்பது ஓர் ஆலையின் இரண்டாண்டு ஊதியம்; எனவே இந்த வேறுபாட்டைச் சிறிதென்று தள்ள இயலாது.

பட்டத்தில் எந்தப் பாடத்தைத் தேர்வது என்பதும் பின்விளைவுடையது. பிற்காலத்தில் கல்வியியல் பட்டத்தில் சேர்ந்து உயர்நிலை வகுப்புகளில் பணியாற்ற விரும்புபவர் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு முதலிய பள்ளிப்பாடம் ஒன்றை முதன்மையாகக் கொள்வதே நன்று. தொலைநிலையில் எளிதாகக் கிடைக்கும் வணிக நிர்வாகம் போன்ற பட்டங்கள் இங்கே உதவுவதில்லை.

இடர்ப்பாடுகளும் உள்ளன. முதலாவது, பட்டயத்தை வழங்கும் தேர்வு அமைப்பு பல்கலைக்கழகம் அன்று. இரட்டைப் படிப்பு நெறிமுறைகள் பல்கலைக்கழக மானியக் குழுவினுடையவை. இரண்டையும் இணைக்கும்போது மாற்றுச் சான்றிதழ் மூலப்படி எங்கே ஒப்படைக்கப்படுகிறது என்னும் எளிய சிக்கலே பலரை நிறுத்திவிடுகிறது. சேரும் முன் இரு நிறுவனங்களிடமிருந்தும் எழுத்துவடிவில் ஒப்புதல் பெற்றுக்கொள்வது நலம். இரண்டாவது, தேர்வுக் காலங்கள் ஒன்றோடொன்று மோதலாம். மூன்றாவது, உதவித்தொகை. அரசுப் பள்ளிகளில் பயின்ற பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 05.09.2022 அன்று தொடங்கப்பட்டது. தொலைநிலைப் படிப்புக்கு அத்திட்டம் பொருந்தாது. ஆகவே இணைத்துப் பயிலும் பெண் தம் உதவித்தொகையை நேரில் பயிலும் பட்டயத்தின் பெயரிலேயே கோர வேண்டும். பட்டயம் வழங்கும் நிறுவனம் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டறிவது இன்றியமையாதது.

நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு

பட்டத்தையும் ஆசிரியப் பயிற்சியையும் ஒருங்கே கற்பிக்கும் கருத்து புதியதன்று. மைசூர் மண்டலக் கல்வியியல் நிறுவனம் 1963இல் தொடங்கப்பட்ட காலந்தொட்டே நான்காண்டுப் படிப்பின் வழியாக அறிவியல் ஆசிரியர்களை உருவாக்கிவந்துள்ளது. தேசியக் கல்விக் கொள்கை 2020 அதனையே பொதுவிதியாக்க முனைந்தது. 2021 அக்டோபரில் ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்பு அறிவிக்கப்பட்டு, 2023–24ஆம் கல்வியாண்டில் 57 நிறுவனங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. இதனையொட்டி, இளநிலைக் கல்வியியல் நிலையில் இனி நான்காண்டுச் சிறப்புக் கல்விப் படிப்புக்கே ஒப்புதல் அளிக்கப்படும் என மறுவாழ்வுக் குழுமம் 2024 சனவரியில் அறிவித்தது.

இவ்வறிவிப்பு இணைப்படிப்பு மாணவரை இருபுறமும் தொடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பிலேயே சிறப்புக் கல்வியைத் தம் துறையெனத் தேர்ந்தவருக்கு நான்காண்டுப் படிப்பு நேரிய வழி. ஆனால் பட்டயத்தின் வழியே உள்ளே வந்து, பணியாற்றிக்கொண்டே மேலேற நினைப்பவருக்கு ஈராண்டுக் கல்வியியல் பட்டமே அடுத்த படி. அப்படி சுருங்குமாயின் பட்டயதாரர் பட்டயத்திலேயே நின்றுவிடுவர். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சிறப்புக் கல்வியில் தொலைநிலைக் கல்வியியல் பட்டத்தை நடத்திவந்தமையால் பணியிலிருந்தோர் பலர் உயர்தகுதி பெற்றனர். பதினேழு வயதில் துறையைத் தீர்மானிக்க இயன்றவரை மட்டும் கருதி அமைக்கப்படும் ஏணி, முதலில் வேலைக்குச் சென்றுவிட்டுப் பின்னர்ப் படிப்புக்குத் திரும்பும் ஆலை வட்டாரத்துப் பெண்ணுக்கு உதவாது என்பது கட்டுரையாளரின் கருத்து.

அதே கல்விக் கொள்கையின் 5.21ஆம் பத்தி வேறொரு வழியையும் காட்டுகிறது. பொதுப்பாட ஆசிரியர்கள் சிறப்புக் கல்வியை இரண்டாம் புலமாகச் சான்றிதழ்ப் படிப்பின் வழியே பெறலாம் என்றும், இரு குழுமங்களின் பாடத்திட்டங்களும் இசைந்து அமைய வேண்டும் என்றும் அது கூறுகிறது. இப்போது பட்டப்படிப்புகளில் துணைப்பாடமாகச் சிறப்புக் கல்வியை வழங்க முன்வரும் கல்லூரிகள் இதனைச் சுட்டிக்காட்டலாம். ஆயினும் துணைப்பாடத் தகுதி பதிவேட்டில் இடம்தருவதன்று. வகுப்பறையில் ஒரு குழந்தையின் இடரை அறிந்துகொள்ள அது உதவும். சிறப்புக் கல்வி ஆசிரியர் எனப் பணியாற்றும் உரிமையை அது அளிக்காது. மாணவர் சேர்க்கை விளம்பரங்களில் இவ்வேறுபாடு மறைக்கப்படுமாயின் அதற்குரிய விலையைச் செலுத்துபவர் மாணவரே.

சாலையும் மாறுநேரப் பணியும்

இத்தொழில் வட்டாரத்திற்கு மிக அண்மையிலுள்ள பயிற்சி மையம் பூந்தமல்லியில் உள்ளது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே அமைந்து, பார்வைக் குறைபாட்டைச் சிறப்புப் புலமாகக் கொண்ட பட்டயத்தைக் கற்பிக்கிறது. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் பூந்தமல்லியில்தான் உள்ளது. இருங்காட்டுக்கோட்டைக்கு ஆளேற்றிச் செல்லும் ஆலைப் பேருந்துகள் இவ்வூரைக் கடந்தே செல்கின்றன. பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் முட்டுக்காட்டில் நிறுவப்பட்டது. அங்கே பட்டய நிலையிலும் பட்ட நிலையிலும் படிப்புகள் உள்ளன. ஆனால் ஒரகடத்திலிருந்து அதனை அடைய வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் எனப் பேருந்து மாறிச் செல்ல வேண்டும். நாளும் சென்று திரும்புவது கடினம், விடுதி வேண்டும்.

சேர்க்கும் நிறுவனம் எந்தக் குறைபாட்டுப் புலத்தை வழங்குகிறதோ அதுவே மாணவரின் புலமாகிவிடுகிறது. இதனை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. பூந்தமல்லி அருகில் இருப்பதால் பார்வைக் குறைபாட்டுப் புலத்தில் பட்டயம் பெற்ற ஒருவர், பணியிடத்தில் பெரும்பாலும் அறிவுசார் குறைபாடோ கற்றல் குறைபாடோ உடைய குழந்தைகளை எதிர்கொள்ள நேரலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 குறிப்பிடும் குறைபாடுகள் 21. பயிற்சியோ ஒன்றில் ஆழ்ந்து, மற்றவற்றைத் தொட்டுச் செல்கிறது. போக்குவரத்து வரைபடமே ஆசிரியரின் புலமையைத் தீர்மானிக்கும் நிலை இது.

ஆலையில் பணியாற்றிக்கொண்டே பட்டயம் பயில இயலுமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. காலை, மாலை, இரவு எனச் சுழலும் மாறுநேரப் பணியில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புகளோடு தொலைநிலைப் பட்டத்தை ஒருவாறு முடித்துவிடலாம். பட்டயத்தை முடிக்க இயலாது. பள்ளிப் பயிற்சி பள்ளி நேரத்தில்தான் நடைபெறும். அந்நேரம் வாரந்தோறும் மாறும் பணிமுறைக்கு இடம் கொடுப்பதில்லை. எனவே ஆலையில் பணியாற்றும் பெண் முதலில் தொலைநிலைப் பட்டம், பின்னர்க் கல்வியியல் பட்டம் என்னும் வரிசையிலேயே செல்ல நேரும். மேலே கூறிய ஏணி சுருங்குவதன் தாக்கம் இவரையே முதலில் அடையும்.

பணியிடம் உண்டா?

படித்து முடித்தபின் பணி உண்டா என்னும் வினாவிற்கு நேர்மையான விடை இரு பகுதிகளைக் கொண்டது. சட்டத்தின் பக்கம் நோக்கினால் தேவை மிகத் தெளிவு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, போதிய ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களை நிறுவவும், சைகைமொழியும் பிரெய்லும் அறிந்தவர்களையும் அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்களையும் ஆசிரியராக அமர்த்தவும் அரசைக் கடமைப்படுத்துகிறது. இரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.10.2021 அன்று அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, பொதுப்பள்ளிகளில் தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் மாணவர்க்கு ஒருவர், உயர்தொடக்க நிலையில் 15 மாணவர்க்கு ஒருவர் என்னும் விகிதம் 2022 செப்டம்பரில் அறிவிக்கையாயிற்று. எடுத்துக்காட்டாக, ஒரு வட்டாரத்தில் தொடக்க நிலையில் 150 குழந்தைகள் அடையாளம் காணப்பட்டால் 15 ஆசிரியர் தேவை. பணியிடங்களை அனைத்து மாநிலங்களும் அறிவிக்க வேண்டுமென நீதிமன்றம் 07.03.2025 அன்று மீண்டும் ஆணையிட்டது. ஒப்பந்த முறையில் நெடுங்காலம் பணியாற்றுவோரின் தகுதியை ஆராயக் குழு அமைக்கவும், அக்குழுவில் மறுவாழ்வுக் குழுமத்தின் பிரதிநிதி ஒருவர் இடம்பெறவும் அவ்வாணை வழிசெய்தது. பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு அக்குழுவின்முன் வெளிப்படும்.

நடைமுறையின் பக்கம் நோக்கினால் படம் வேறு. தமிழகத்தில் வட்டார வளமையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தப் பணியாளராகவே இருந்துவருகின்றனர். அவர்களின் ஊதியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியைச் சார்ந்தது. 2024–25இல் அத்திட்டத்தில் தமிழகத்திற்குரிய ஒன்றிய அரசின் பங்கு, ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய், கொள்கை முரண்பாட்டால் நிறுத்திவைக்கப்பட்டது. இந்நிதியை நம்பிய பணிகள் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகின்றன என்பதை அவ்வாண்டு காட்டியது. இருபது வயதுப் பெண்ணிடம் ஆலையை விட்டு இப்பணிக்கு வருக என்று கூறும் எந்த ஆலோசகரும் இதனை மறைக்கக் கூடாது.

மொழி என்னும் அடிப்படை

இவ்வட்டாரத்திற்கே உரிய சிக்கல் ஒன்று பயிற்சிப் பாடத்திட்டங்களில் உரிய இடம் பெறவில்லை. ஒடிசா, பீகார், சார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து கட்டுமானத்திலும் ஆலைகளிலும் பணியாற்றுவோரின் குழந்தைகள் இங்குள்ள அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் பயில்கின்றனர். இவர்களுள் படிப்பில் பின்தங்கும் குழந்தைக்குக் கற்றல் குறைபாடு உண்டா, மொழி புதிதாக இருப்பதுதான் காரணமா என்று பிரித்தறிவது எளிதன்று.

தமிழ் எழுத்துமுறையில் வல்லெழுத்து ஒன்றே இடத்திற்கேற்பப் பல ஒலிகளைப் பெறுகிறது. ‘கல்’ என்னும் சொல்லின் ககரமும் ‘தங்கம்’ என்னும் சொல்லின் ககரமும் வரிவடிவில் ஒன்று, ஒலியில் வேறு. ஒடியாவிலும் இந்தியிலும் இவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. அம்மொழிகளை வீட்டில் பேசும் குழந்தை ‘தங்கம்’ என்பதை ‘தங்க்கம்’ என வல்லோசையோடு படித்தால் அது வாசிப்புக் குறைபாட்டின் அடையாளம் அன்று. எழுத்துக்கு ஓர் ஒலி என்னும் தன் மொழி மரபை இங்கும் பொருத்திப் பார்க்கும் முயற்சி. எழுத்து வரிசை மாறிப் படிப்பதும், கண்ட சொல்லையே மீளக் காணும்போது அறியாதிருப்பதும் வேறு வகையின. முன்னதைப் பின்னதாகக் கொண்டால் குறைபாடில்லாத குழந்தை மீது முத்திரை விழும். பின்னதை முன்னதாகக் கொண்டால் உதவி தேவைப்படும் குழந்தை ‘தமிழ் தெரியாத பிள்ளை’ என்ற பெயரோடு வகுப்பின் கடைசி வரிசையில் ஆண்டுகளைக் கழிக்கும். பேச்சுத்தமிழுக்கும் பாடநூல் தமிழுக்குமுள்ள இடைவெளி இதனை மேலும் சிக்கலாக்குகிறது. தமிழ்க் குழந்தையே கடக்க வேண்டிய அவ்விடைவெளியை இக்குழந்தை இருமுறை கடக்கிறது.

பார்வைக் குறைபாட்டில் நிலைமை ஓரளவு எளிது. 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில் இந்திய மொழிகளின் ஒத்த ஒலிகளுக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளிவடிவம் அமைந்துள்ளது. தமிழ் பிரெய்ல் பயின்ற ஆசிரியர், ஒடியா பேசும் குழந்தையின் விரல் எந்த ஒலியைத் தொடுகிறது என்பதைச் சிறிது பயிற்சியுடன் அறிந்துகொள்ள இயலும். அறிவுசார் குறைபாட்டிலும் கற்றல் குறைபாட்டிலும் இத்தகைய பாலம் இல்லை. அங்கே மதிப்பீட்டுக் கருவி குழந்தையின் வீட்டுமொழியில் அமைய வேண்டும். அல்லது அம்மொழி அறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும்.

தமிழையோ மொழியியலையோ பட்டப்பாடமாகக் கொண்டு சிறப்புக் கல்விப் பட்டயமும் பயின்ற ஒருவர் இங்கேதான் இன்றியமையாதவராகிறார். எழுத்திலக்கணத்தில் பிறப்பியலும் ஒலிமாற்றமும் பயின்றவருக்கு மேற்கண்ட இரு பிழைகளையும் பிரித்தறியும் அடிப்படை முன்னரே அமைந்திருக்கிறது. தமிழ்த்துறைகள் இதனைத் தம் மாணவர்க்குரிய வேலைவாய்ப்பாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் பூந்தமல்லி, முட்டுக்காட்டு மையங்களும் இணைந்து, குழந்தைகளின் வாசிப்புப் பிழைகளை வீட்டுமொழி வாரியாகத் தொகுக்கும் பணியைத் தொடங்கலாம். பட்டய மாணவர் பள்ளிப் பயிற்சிக்குச் செல்லும் திருப்பெரும்புதூர், குன்றத்தூர், வாலாஜாபாத் வட்டாரப் பள்ளிகளே அதற்குரிய களம். களத்தில் அவர்களை வழிநடத்த, பதிவேட்டில் பெயருள்ள சிறப்புப் பயிற்றுநர் வட்டார வளமையத்தில் வேண்டும்; பல பள்ளிகளுக்கும் வீட்டுவழிப் பயிற்சிக்கும் நாள் பிரித்துச் சென்றுவரும் அவருடைய ஒப்பந்தத்தில் இவ்வழிநடத்தலுக்கென வாரத்தில் ஒரு நாளேனும் ஒதுக்கப்பட வேண்டும்.